கொடியேற்றத் தெருவும் ஒரு மஞ்சள் துண்டும்

கடற்கரைப் பள்ளியடியில் கொடியேற்றத்துக்குக் கடை போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கல்முனைக்குடியில் நாலு பேரிடம் விசாரித்தால் நாலு பதில் வரும். பள்ளி நம்பிக்கையாளர் சபை என்பார் ஒருவர். மாநகர சபை என்பார் அடுத்தவர். பொலிஸில் ஒரு சொல் போட்டு வைத்தால் சரி என்பார் மூன்றாமவர். நாலாமவர் வளையல் கடைக்காரர். தகப்பன் காலத்திலிருந்து அந்த இடத்தில் கடை போடுகிறவர். "எங்கட வாப்பா போட்ட இடம் மகன். இதுக்கு ஆருக்கிட்டக் கேக்கிற?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்படிக் கேட்டாலும், சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். வெளிறிய மஞ்சள் நிறம், உள்ளங்கையளவு. ஒரு தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. எத்தனை அடி இடம், எத்தனை நாளைக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற விபரம் எதுவுமில்லை. அதைக் கொடுத்தது யார் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன். அந்தத் துண்டின் பின்னால் இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காக: கல்முனைக் கடற்கரைப் பள்ளி, நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் எழுந்த தர்ஹா. நாயகம் அடங்கியிருப்பது நாகூரில்தான். இங்கே இருப்பது நினைவிடம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கடல் கடந்து போன இடங்களில் இப்படியான நினைவிடங்கள் உண்டு. சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்ஹா இன்று அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னம். கல்முனையில் ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் மினாராவில் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் மௌலூது, பக்கீர் பாவாக்களின் றாத்திபு, கடைசியில் கந்தூரி. தர்ஹாவும் கொடியும் மார்க்கத்தில் இல்லை என்று வாதாடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தொதலும் முஸ்கட்டும் வாங்க அந்தத் தெருவுக்குத்தான் வருவார்கள். கொடியைப் பற்றித் தர்க்கம் உண்டு. கடைத்தெருவைப் பற்றி யாரும் பத்வா கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தேட ஆரம்பித்தபோது முதலில் கையில் அகப்பட்டது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். ஊர்வலம், வீதியில் மேளம், பின்னாளில் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் அனுமதிப்பத்திரம் என்ற வழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் மறித்துக் கலவரமானது. அதன் பிறகு ஆங்கிலேயருக்கு மேளச்சத்தம் என்றாலே ஒரு பயம்.

அந்தப் பயத்தின் அடுத்த கட்டம் எங்கள் ஆட்களோடு சம்பந்தப்பட்டது. கம்பளை வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று கண்டி அரசாங்க ஏஜண்டர் துரை உத்தரவிட்டார். தேவாலயத்தார் 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த வருடம் மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் முஸ்லிம் கடைகளையும் பள்ளிகளையும் எரித்துக்கொண்டு தெற்கும் மேற்கும் பரவியது.

அன்று பள்ளிவாசலின் அமைதியைக் காக்கப் பயன்பட்ட அதிகாரமும், இன்று பள்ளிவாசல் தன் கொடியேற்றத்துக்கு ஒலிபெருக்கி கட்ட மனுப் போட வைக்கும் அதிகாரமும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. 2007 நவம்பரில் வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று பொது விதியாகச் சொன்னபோது, அது கை வைத்ததும் அதே சட்டத்தின் 80ஆம் பிரிவில்தான். பாவாக்களின் றபான் மேளம் எந்த மணிக்கு ஓய வேண்டும் என்பதற்கு இந்த வழியில் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. வளையல் கடைக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் கவலை மேளத்தைப் பற்றியது, கடையைப் பற்றியதல்ல.

கடை வருவது சாக்கடை வழியாக. 1892ஆம் ஆண்டுச் சட்டமொன்று சிறு பட்டினங்களுக்குச் சுகாதாரச் சபைகளை ஏற்படுத்தியது. சந்தை, இறைச்சிக் கடை, குப்பை, கான் இவைதான் அச்சபைகளின் வேலை. கல்முனையும் அப்படியொரு சபையின் கீழ் இருந்த ஊர்தான். பிறகு பட்டின சபை. 1987க்குப் பின் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளையும் சேர்த்து ஒரு பிரதேச சபை. 2001இல் மாநகர சபை. பெயர் மாற மாற, சந்தைக்கு வாடகை வாங்கும் அதிகாரம் கைமாறி வந்து, இப்போது 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் அந்த நூலில் சந்தை என்றால் பெரும்பாலும் நிரந்தரச் சந்தை. வீதி என்றால் மறிக்கக் கூடாத இடம். பன்னிரண்டு நாளைக்குச் சந்தையாகிப் பிறகு வீதியாகவே மாறிவிடும் இடமொன்றை அதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கு மேல் நில அளவையாளர் வேலை. பிரதான வீதி ஏ-4 நெடுஞ்சாலை, கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று சுற்றி மட்டக்களப்புக்குப் போவது. அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அதிலிருந்து கடலுக்கு இறங்கும் குறுக்குத் தெருக்கள் மாநகர சபையுடையவை. தர்ஹா வளவு, 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர்களுடையது. அதைத் தாண்டி மணலில் கால் வைத்தால், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வலயம். ராட்டினக்காரர் தன் இரும்புத் தூணைப் பத்து யார் கிழக்கே நகர்த்தினால் அவருடைய எசமான் மாறிவிடுகிறார்.

இன்று ராட்டினம் சுற்றும் மணல் எப்படி வெட்டையானது என்பது தனிக் கதை. 2004 டிசம்பர் 26க்கு முன் கடலோரத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்தன. சுனாமி அவற்றை வாரிக்கொண்டு போனது. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் சொன்னது, பின்னர் அந்த எல்லையைத் தளர்த்தியது. வீட்டுக்கு மறுத்த நிலம் விழாவுக்குத் திறந்து கிடந்தது. அதனால் கடைத்தெருவில் பெரும் பகுதி வீதியை விட்டு மணலுக்கு இறங்கியிருக்க வேண்டும்; வெயில் காலத்துக் கொடியேற்றங்களில் இறங்கியும் இருந்தது. ஹிஜ்ரி மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்கும். சில வருடங்களாகக் கொடியேற்றம் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று எங்கள் மாரிக்குள் விழுகிறது. வாடைக்காற்றும் அடைமழையும் மணலைச் சேறாக்கினால் கடைக்காரர் தார் ரோட்டுக்கு ஏறாமல் வேறெங்கே போவார்? வீதி மறிபடுகிறது என்ற முறைப்பாடுகளைக் கேட்கும்போதெல்லாம் நான் ஹிஜ்ரி நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பது இதனால்தான்.

பிறையின் இன்னொரு குறும்பு நோன்புப் பெருநாள் கடைகளில் தெரியும். அவை தர்ஹாவோடு சம்பந்தமில்லாதவை. பஸார் ஓரம் முழுக்க உடுப்பும் செருப்புமாக, நோன்பின் கடைசிப் பத்தில் முளைப்பவை. அவற்றுக்கு அனுமதி எழுதப் போகும் உத்தியோகத்தர் முடிவுத் திகதி என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? 29ஆம் நோன்பு மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யத்துல் உலமாவும் மற்றவர்களும் கூடி, பிறை தென்பட்டதா இல்லையா என்று அறிவிக்கும் வரை பெருநாள் நாளையா நாளை மறுநாளா என்பது கடைக்காரருக்கும் தெரியாது, உத்தியோகத்தருக்கும் தெரியாது. வியாபாரத்தில் பாதி அந்தக் கடைசி ராவில்தான் என்பார் எந்தக் கடைக்காரரும். பிறை தெரியவில்லை என்றால் அவருக்கு இன்னொரு ராவு கிடைக்கிறது. அனுமதி முந்திய நாளோடு முடிந்திருந்தால் அந்த ராவில் அவர் சட்டவிரோதமாகிறார்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொல்லை கிடையாது. நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாள். எந்தத் திகதியில் கொடி ஏறும் என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. மாநகர சபை வீதிகளை மூடி, மாற்றுப் பாதை அறிவித்து, கடைக்கு இடம் அளந்து கொடுக்கிறது. கல்முனையும் அதையே செய்யட்டும் என்று சொல்வது சுலபம். நல்லூரில் கோயிலைச் சுற்றி ஓடும் வீதிகளை மூடலாம், வாகனம் வேறு வழியில் போகும். எங்கள் ஊர் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பது. ஏ-4ஐ மூடினால் மட்டக்களப்பு பஸ் போவதற்கு வேறு வழி தேட வேண்டும். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் வாசலும் அதே நெடுஞ்சாலையில்தான்.

அதனால் தடை போட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்றும் தோன்றவில்லை. ஒரு துணைச்சட்டம் போதும். மாரிக்கு ஓர் ஒழுங்கு, வெயிலுக்கு ஓர் ஒழுங்கு. திகதிக்குப் பதிலாக "பிறை கண்ட மறுநாள் வரை" என்ற வாசகம். அம்புலன்ஸுக்கு மறிக்காத ஒரு பக்கம். ஐந்து கந்தோர்களும் ஒரே இடத்தில் கையெழுத்திடும் ஒரே துண்டு, அதில் அடிக்கணக்கும் நாட்கணக்கும். நாட்கணக்கு எழுதாத துண்டை வைத்துக்கொண்டு நாளைக்கு யாராவது எழும்பச் சொன்னால், வளையல்காரர் என்ன காட்டி நிற்பார்?

இதை எந்த உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று விசாரித்தேன். 2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாடு முழுக்க உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்குகள் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் வாக்களிப்பு நடக்கவில்லை. துணைச்சட்டத்தைப் பிரேரிக்கவும் ஆமோதிக்கவும் கை உயர்த்த ஆளில்லை. ஆணையாளருக்கு ஒரு கடிதமும், மற்ற நாலு இடங்களுக்கு அதன் பிரதிகளும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வளையல்காரர் தன் பெயரையும் அதில் போடச் சொன்னார், கடையின் நீளம் பன்னிரண்டு அடி என்ற விபரத்தோடு.