கங்கை தெரியும், இறங்க முடியாது

வாரணாசியின் படித்துறை ஹோட்டல்களில் அறைக்கு இரண்டு விலை. கங்கை தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் ஒன்று. தெரியும் அறைகள் பெரும்பாலும் மேல்மாடியில்தான் இருக்கும், அங்கே போக பல இடங்களில் லிஃப்ட் கிடையாது என்பதெல்லாம் முன்பணம் கட்டிய பிறகே தெரியவரும்.

மும்பை மாட்டுங்காவிலிருந்து சென்ற குளிர்காலத்தில் வந்த ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. மொத்தம் ஏழு பேர். மூவர் எழுபதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் மூத்தவரான பாட்டிக்கு 84 வயது, இரண்டு முழங்காலும் மடங்காது. தன் கணவருக்கு மகன் காசியில் பிண்டம் போடுவதைக் கூட இருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகன் ஒரு மாதம் முன்பே ஹோட்டலுக்கு போன் செய்து மூன்றே விஷயங்கள் கேட்டிருந்தார். தரைத்தளத்தில் ஓர் அறை, வெஸ்டர்ன் டாய்லெட், காலையில் வெந்நீர். மூன்றுக்கும் ஒரே பதில்: “ஹோ ஜாயேகா.” ஆகிவிடும்.

ரயில் விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. ஆட்டோ பெரிய சாலையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சந்துகள். சாணம், மோட்டார் சைக்கிள், வழிவிடாத மாடு எல்லாவற்றையும் கடந்து வரவேற்பறையை அடைந்தபோது, அறை பகல் 12 மணிக்குத்தான் என்றார் மேஜையில் இருந்த இளைஞர். இப்போதே வேண்டுமென்றால் அரைநாள் வாடகை கூடுதல். உட்கார இருந்தது ஒரே சோபா. அதில் ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அரைநாள் வாடகையைக் கட்டிய பிறகு கிடைத்தது மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் அறையே இல்லை, சாப்பாட்டுக் கூடம் மட்டும்தான். 52 படிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓரடி உயரம். பாட்டி ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்ட மூன்றில் டாய்லெட் மட்டும் சொன்னபடி இருந்தது. வெந்நீர் கீழேயிருந்து வாளியில் வர வேண்டும். இன்டர்காமை எடுக்க ஆள் இல்லை. இரவு ஒன்பதரைக்குக் கொஞ்சம் தயிரும் சாதமும் கேட்டபோது சமையலறை மூடியிருந்தது. பால்கனி மட்டும் விளம்பரப் படத்தில் இருந்தது போலவே இருந்தது, படத்தில் இல்லாத குரங்குக் கம்பிவலையைத் தவிர.

படிகள் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் கங்கை படித்துறைகளையே மூழ்கடித்துவிடும். மணிகர்ணிகாவில் அப்போது சிதைகளை மேல்தளத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். ராஜாக்களும் செல்வந்தர்களும் கட்டிய கரையோர மாளிகைகள் இதனால்தான் அத்தனை உயரத்தில் நிற்கின்றன. ஹோட்டலாக மாறிய பழைய மாளிகைக்குள் லிஃப்ட் வைப்பது சுலபமல்ல. ஆனால் “லிஃப்ட் இல்லை, 52 படி” என்று போனில் சொல்ல எந்தச் செலவும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதியும் ஹோட்டல்காரர் விரும்பி விண்ணப்பித்தால்தான், கட்டாயமில்லை.

கிழவர்களும் கிழவிகளும் காசிக்குப் புதியவர்கள் அல்ல. ஆயுளின் கடைசியில் வரும் ஊர் என்றே அது பெயரெடுத்தது. நகரத்தார் 1863-ல் ஏற்படுத்திய சத்திரமும், பாரதி இளமையில் வாழ்ந்த ஹனுமான் காட்டைச் சுற்றியுள்ள மடங்களும் யாத்ரீகர்களை நம்பியே நடந்து வந்தவை. அங்கே கங்கைக் காட்சியைக் காசாக்கும் வழக்கம் இல்லை. ஆனால் விசேஷ நாட்களில் இடம் கிடைப்பது கஷ்டம். அப்போது கையில் இருப்பது செல்போனும் அதில் தெரியும் பால்கனியும்தான்.

பஞ்ச தீர்த்த சிராத்தம் மறுநாள். அஸி முதல் மணிகர்ணிகா வரை ஐந்து துறைகளிலும் படகில் போய்ப் பிண்டம் கொடுக்க வேண்டும். “நீங்க போய்ட்டு வாங்கோ, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்” என்றார் பாட்டி, கம்பிவலையைப் பிடித்தபடி. மகனுக்கு மனம் வரவில்லை. தூக்கி இறக்க இரண்டு ஆள் கேட்டதற்கு, அது தங்கள் வேலை அல்ல என்றார் மேனேஜர். கடைசியில் மேலே வந்தவர்கள் படகோட்டியும் அவர் தம்பியும்தான். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்காமலே எடுத்துவந்தார்கள். பாட்டியை அதில் உட்காரவைத்து 52 படியும், அதற்குக் கீழே படித்துறைப் படிகளும் இறக்கி, நாற்காலியோடு படகில் வைத்தார்கள். ஐந்து துறையிலும் பாட்டி அதிலிருந்து எழவில்லை.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். மாட்டுங்காக்காரர்கள் வாரணாசிக்கு அலைய வேண்டியதில்லை. மருமகள் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். “ஆனா, போன்ல சொன்னதுக்கு ரசீது ஏது?” என்கிறார்.

அன்று மாலையே அறையைக் காலி செய்தார்கள். மீதி இரண்டு நாள் வாடகை திரும்பவில்லை. சோனார்பூரா சாலைப் பக்கம் ஒரு சாதாரண விடுதியில் தரைத்தள அறை கிடைத்தது. கட்டில், ஹீட்டர், வாசல்வரை ஆட்டோ. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பாட்டி எட்டு மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டார்.