பூங்கா நிலையத்திலிருந்து மைதானத்துக்கு

செம்பாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் சானடோரியம் வந்து, கடற்கரை லோக்கலில் ஏறினால் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். சென்ற வாரம் செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றிருந்த நான், இந்த வாரம் இங்கே இறங்கினேன்.

நிலையத்துக்குப் பெயர் கொடுத்த மக்கள் பூங்கா 1859-இல், கவர்னர் டிரெவெலியன் காலத்தில் உருவானது. பூங்கா தேய்ந்து மறைந்தாலும் அதன் மண்ணில் ரிப்பன் மாளிகையும், பின்னால் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கமும் எழுந்தன. சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானம் இதுதான்.

ஆனால் இந்த மைதானம் முதலில் பேர் வாங்கியது கால்பந்தால் அல்ல. இது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த நாட்களில், 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் மட்டும் 231. அந்தச் சாதனை 2008 வரை அசையவில்லை. 1965-க்குப் பிறகு டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டன.

இன்றைய அரங்கம் 1993-இல் புதிதாகக் கட்டப்பட்டது. அதே ஆண்டு நேரு கோப்பைக் கால்பந்து, 1995-இல் தெற்காசிய விளையாட்டுகள். தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டியதால், காலரிக்கும் புல்தரைக்கும் நடுவே ஓடுபாதை வளைந்து கிடக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர்முனையில் பந்து யார் காலில் என்று தெரியாது. கால்பந்து ரசிகனுக்கு அது உண்மையான இழப்பு. தனி மைதானம் வேண்டும் என்பது என் ஆசை. இருந்தும் 2014-இல் சென்னையின் எஃப்சி வந்தபோது, 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' ரசிகர்கள் காலரியின் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எங்கள் பக்கம் யாருக்கும் அந்த வாரம் மறக்காது. வெள்ளத்தால், கொல்கத்தா அணியுடன் இங்கே நடக்க வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர்க் கூட்டமே இல்லாமல் சென்னை 3-0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதிப் போட்டி. கடைசி நிமிடங்களில் 1-2 எனப் பின்தங்கியிருந்த அணி சமன் செய்தது. இன்ஜுரி டைமில் சென்னையின் மெண்டோசா அடித்த கோலால் 3-2. 2018-இல் இரண்டாவது கோப்பை பெங்களூரில், அதுவும் 3-2. நேரு மைதானத்தில் வைத்துக் கோப்பையைத் தூக்கும் நாளுக்காக இந்தக் காலரி இன்னும் காத்திருக்கிறது.

2018 சாம்பியன் அணியில் ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். அடுத்த வாரம் அந்தப் பக்கம்.