அப்பாவுக்கு ரோபோ ஒப்பரேஷன்

போன வருஷம் அப்பாவின் சலப்பையில் புற்றுநோய் எண்டு தெரிய வந்தது. நோவு இல்லை, சலத்தோட இரத்தம் மட்டும் போனது. ரெண்டு தரம் போய்த் தானா நிண்டதால் அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. லாச்சப்பலில் முப்பது வருஷம் கோப்பை கழுவி, சமைச்சு, இடைவேளையில் பின்கதவடியில் நிண்டு சிகரெட் பிடிச்ச மனுசன். இந்த நோயில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் புகைதான். உங்கட அப்பா, மாமாமாரிலும் அப்படி ஒருவர் இருப்பார். நோகாத இரத்தமெண்டாலும் உடனே காட்டச் சொல்லுங்கோ.

நோய் தசை வரைக்கும் போனதால் பையை முழுசா எடுக்கவேணும், ரோபோவால் செய்யலாம் எண்டார்கள். அதுக்குப் பிறகு ஒபர்வில்லியேயில் எங்கட வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் ரோபோவைப் பற்றித்தான் கதைச்சவை. நான் சொஃப்ட்வெயர்காரன் எண்டபடியால், "மெஷின் தானா வெட்டுமோ தம்பி?" எண்டு ஒரு மாமி என்னையே கேட்டா. வெட்டாது. டொக்டர் அதே அறையில் திரைக்கு முன்னால் இருந்து கையை அசைக்க, சின்னத் துளைகளால் உள்ளே போன கருவிகள் அசையும். எங்கட தொழிலில் இதை ரோபோ எண்டு சொன்னால் சிரிப்பார்கள்.

பிரித்தானியாவில் 338 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வை வாசித்தேன். முதல் 90 நாளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே கழிந்தவை, நடுத்தரக் கணக்கில், ரோபோவுக்கு 82 நாள், வயிற்றைத் திறந்து செய்ததுக்கு 80. இரத்தம் கட்டுவதும் காயப் பிரச்சினையும் குறைவு. நல்லதுதான். ஆனால் மிச்ச வருஷங்களைத் தீர்மானிக்கிற கேள்வி வேறை: பை போன பிறகு சலம் எந்த வழியால் போகும்?

அப்பாவுக்குச் சொன்ன வழி ரெண்டு. சிறுகுடலில் சின்னத் துண்டை எடுத்து, சிறுநீரகக் குழாய்களை அதில் பொருத்தி, வயிற்றுத் தோலில் ஒரு வாய் வைப்பது ஒண்டு. வெளியில் பை ஒட்டவேணும். 1950இல் இதை விபரித்த அமெரிக்கரின் பெயரால் இங்கே 'பிரிக்கர்' என்பார்கள். மற்றது, குடலாலேயே உள்ளே புதுப் பை தைப்பது. அதன் முன்னோடிகளில் ஒருவர் பக்கத்தில் சுரேன் ஃபோஷ் மருத்துவமனையில் இருந்த மொரிஸ் கமே. ரோபோ எண்ட கதையே இல்லாத காலம் அது.

கேட்க ரெண்டாவதுதான் நல்லம்போல இருக்கும். ஆனால் குடலுக்கு 'நிரம்பிட்டுது' எண்டு சொல்லத் தெரியாது. மணிக்கூடு பார்த்துப் போகவேணும், இரவில் அலாரம் வைத்து எழும்பவேணும், அப்படியும் கசியலாம். சிலர் தாங்களே குழாய் விட்டு எடுக்கவேண்டி வரும்.

எட்டு வயசில் இருந்தே அப்பாவுக்கு மொழிபெயர்க்கிறவன் நான். இதையும் சொல்லி முடித்தேன். பிறகு டொக்டர் தாம்பத்திய உறவு பற்றித் தொடங்கினார். ஒப்பரேஷனில் அந்த நரம்புகளும் பாதிக்கப்படலாம். அப்பா நிலத்தைப் பார்த்தார். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தாங்கோ எண்டு கேட்டுவிட்டு நான் வெளியில் போய் இருந்தேன். அரை மணித்தியாலம். உள்ளே அவர் என்ன கேட்டார் எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. நீங்களும் அப்படிக் கேட்கலாம்.

அவர் பிரிக்கரைத் தெரிவு செய்தார். "மணிக்கூடு பார்த்து வேலை செய்தது காணும். இனி நித்திரை கொள்ளப்போறன்."

ஒப்பரேஷனுக்கு முதல், பை விசயம் பார்க்கிற நர்ஸ் அவர் வழமையாகக் கட்டுகிற உடுப்பைக் கொண்டுவரச் சொன்னா. அப்பா ஒரு சாரமும் கோயில் வேட்டியும் கொண்டுபோனார். அவ அவரைக் கட்டச் சொல்லி, இருத்தி, குனியவைத்து, சம்மணம் கட்டவைத்து, முடிச்சு அமத்தாத இடமாகப் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தா. அப்பா தன்ர பிரெஞ்சில் கேட்டது ஒண்டுதான்: மாணிக்கப் பிள்ளையார் தேருக்குப் போகலாமோ?

எத்தனை மணித்தியாலம் நிற்பீங்கள் எண்டு அவ திருப்பிக் கேட்டா. நாலு எண்டார். அப்ப வெளிக்கிட முதல் ஒருக்கா, இடையில் ஒருக்கா பையை வெறுமையாக்கவேணும் எண்டு துண்டில் எழுதிக் கொடுத்தா.