உலையும் துருத்தியும்

டில்லியில் வாழும் தமிழருக்கு வெயிலைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்து நண்பகலில், தார் இளகிய சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ள ராமகிருஷ்ணபுரத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து பழகியவர்கள் நாம். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியபோது நாடே திடுக்கிட்டது. பிறகு வானிலைத் துறையினர் ஆராய்ந்து, கருவி மூன்று டிகிரி மிகையாகக் காட்டிவிட்டது என்று அறிவித்தனர். நமது பிரிவில் ஒருவர், "அப்பாடா, ஐம்பதுக்கும் குறைவுதானா!" என்று பெருமூச்சு விட்டார். டில்லிவாசியின் ஆறுதல்கள் இவ்வகையின.

ஆயினும் இங்கே நாம் எழுதப் புகுந்தது வேறொரு வெப்பம் பற்றி. அது ஒரு காரின் முகப்பு மூடிக்கு அடியில், ஒரு தேங்காயளவே ஆன இரும்புக் கூட்டுக்குள் குடியிருக்கும் வெப்பம். அதன் அளவு சில வேளைகளில் 950 டிகிரி. அந்த வெப்பத்துக்கு நாம் எண்பதாயிரம் ரூபாய் கடன் கொடுத்தோம் என்பதே இக்கட்டுரையின் தொடக்கம்.

நமக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. மைய அரசில் எழுத்தர் பணி, பி.ஏ. படித்தது வரலாறு, ஊர்தி என்று சொல்லிக்கொள்ள ஒரு ஸ்கூட்டர். கார்ப் பித்துப் பிடித்தவன் நமது அக்காள் மகன். அத்தான் காலமான பிறகு அக்காளும் அவனும் நமது குவார்ட்டர்ஸிலேயே வந்து தங்கினர். பையன் படித்து, குர்கானில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் ஒரு பழைய விளையாட்டுக் காரை வாங்கி வாசலில் நிறுத்தினான். வெளிநாட்டுத் தயாரிப்பு; பத்தாண்டு ஓடியது; 1.8 லிட்டர் டர்போ எஞ்சின். பார்வைக்குச் சாதுவாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு அது போதவில்லை. "மாமா, டர்போவை மட்டும் பெரிதாக்கிவிட்டால் இன்னும் அறுபது குதிரைத்திறன் கிடைக்கும்" என்றான். அலுவலகச் சிக்கன நாணயச் சங்கத்தில் நமது பெயரில் கடன் எடுத்துக் கொடுத்தோம். தகப்பனில்லாத பிள்ளை, ஆசைப்படுகிறான் என்ற எண்ணம். அறுபது குதிரைகளுக்கும் தீனி போடப்போவது யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

டர்போ என்றால் என்ன என்பதை அவன் படம் போட்டு விளக்கினான். நமக்கோ அவன் படத்தைவிடத் தாய்மாமன் ஊரின் கொல்லுப்பட்டறைதான் கண்முன் வந்தது. உலைக்குக் காற்றூதும் சுழல் துருத்தியின் கைப்பிடியைச் சுற்றுவதற்குச் சிறுவர்களாகிய நாங்கள் போட்டி போடுவோம். வேகமாகச் சுற்றினால் கரி செந்நிறம் மாறி வெண்ணிறம் கொள்ளும். அதே தத்துவந்தான் இங்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், கூடுதல் காற்றைத் திணித்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், ஆற்றல் பெருகும். வேறுபாடு ஒன்றே. கொல்லன் துருத்தியைச் சிறுவன் சுற்றினான். இங்கே உலையிலிருந்து வெளியேறும் புகையே துருத்தியைச் சுற்றுகிறது. வீணாய்ப் போகும் புகை ஒரு சக்கரத்தைத் திருப்ப, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் புதுக்காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். மிதியை அழுத்தியதும் வேகம் வராமல் ஒரு கணம் தயங்கிப் பிறகே பாயும். புகை திரண்டு சக்கரம் முடுக்கம் பெற அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மேலிடத்து ஆணை வந்த பின்னும் கோப்பு மேசையைவிட்டு எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அன்றாடம் காணும் நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

இதன் வரலாறும் சுவையானது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ், பைக்ஸ் பீக் என்னும் 14,000 அடி உயர மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினை ஏற்றிச்சென்று, மெல்லிய காற்றிலும் டர்போ அதன் ஆற்றலைக் காக்கும் என்று மெய்ப்பித்தார். பந்தயக் களத்துக்கு வந்தபோதோ முதலில் நகைப்புத்தான் காத்திருந்தது. 1977-இல் சில்வர்ஸ்டோனில் ரெனோ நிறுவனம் இறக்கிய மஞ்சள் நிற டர்போக் கார் அடிக்கடி புகை கக்கி நின்றதால், பிரிட்டிஷ்காரர் அதற்கு 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பெயரிட்டனர். இரண்டே ஆண்டில், 1979-இல், பிரெஞ்சுக் கிராண்ட் பிரீயில் அந்தக் கெண்டி வாகை சூடியது. 1983-இல் நெல்சன் பிகே டர்போக் காரிலேயே உலகப் பட்டம் வென்றார். கெண்டி என்று ஏளனம் செய்தவர்களும் பின்னர்க் கெண்டி செய்யத் தொடங்கினர். நமது தமிழ்நாட்டிலும் 1982-இலேயே டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் சென்னையில் தோன்றிவிட்டது. லாரிகளின் மூச்சுக்குப் பின்னே தமிழ்த் தொழிலாளரின் கை இருக்கிறது என்பதை இந்தக் கார்ப் பித்தனால்தான் நாம் அறிந்தோம்.

நிற்க. பையனின் காரில் காஷ்மீர் கேட் உதிரிபாகச் சந்தையில் தேடிய சில உறுப்புகளும், கடல் கடந்து வந்த சிலவும் ஏறின. காற்றமுக்கும் சக்கரம் பெரிதாயிற்று, புகைக்குழாய் அகலமாயிற்று, எஞ்சினின் கணினிக்குப் புதிய கட்டளைகள் எழுதப்பட்டன. அது சனவரி மாதம். அதிகாலைப் பனியில் நொய்டா நெடுஞ்சாலையில் நம்மை ஏற்றிக்கொண்டு ஒரு முறை மிதித்தான். இருக்கை முதுகில் அறைந்தது. அக்கணம் நாமும் சிறுவனாகிச் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஏப்ரல் பிறந்தது, கார் களைத்தது. சனவரியில் பாய்ந்த அதே சாலையில் தள்ளாடியது. பையன் வேலை செய்து கொடுத்த பட்டறைக்கு ஓடினான். அவர்கள் மேலும் ஒரு உறுப்பை விற்றனர். பயனில்லை. நாம் ஒரு மாலை முழுதும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, அவன் சொன்ன சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர் அறிவர். பத்து டிகிரிக் காற்றை இருமடங்கு அமுக்கினால், டர்போவின் திறன் நூற்றுக்கு எழுபது எனக்கொண்டால், ஏறத்தாழ 98 டிகிரி ஆகிறது. நாற்பத்தைந்து டிகிரிக் காற்றோ 145-ஐ நெருங்குகிறது. இடையில் குளிர்விக்க 'இன்டர்கூலர்' என்ற சல்லடைப் பெட்டி உண்டு. ஆனால் அது எந்தக் காற்றைக் கொண்டு குளிர்விக்கிறது? வெளியே அடிக்கும் அதே அனற்காற்றைக் கொண்டு! ஆகவே சனவரியில் 36 டிகிரியில் எஞ்சினுக்குள் நுழைந்த காற்று, மே மாதத்தில் 75 டிகிரியில் நுழையும். சூடான காற்று மெல்லியது. போதாக்குறைக்கு அச்சூட்டில் பெட்ரோல் உரிய கணத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். பொறி தாமதமானால் எரிதலும் பிந்திப் புகை இன்னும் சூடாக வெளியேறும். அந்தப் புகைதான் டர்போவைச் சுற்றுகிறது! ஒரு வெப்பத்தைத் தணிக்கப் போய் மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலை அவனிடம் காட்டினோம். "எல்லாம் தெரியும் மாமா, புதிய இன்டர்கூலர் வருகிறது" என்றான். வந்ததும் உண்மை. ஆனால் ஆபத்து நாம் கணக்கிட்ட இடத்தில் இல்லை.

2023 மே மாதத்து ஞாயிறு ஒன்று. நொய்டாவில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. அக்காள் பின்னிருக்கையில். திரும்பும்போது யமுனைப் பாலத்தில் சாலை காலியாக இருந்ததால் பையன் சற்றே விரைந்தான். அடுத்த கால் மணியில் ரிங் ரோடு நெரிசலில் மூல்சந்த் அருகே சிக்கினோம். ஓடும்போது காற்றுப் பட்டாவது ஆறும் எஞ்சின், நிற்கும்போது தன் சூட்டில் தானே வேகும். முதலில் வாணலியில் எண்ணெய் காய்ந்த நாற்றம். பிறகு மூடியின் விளிம்பில் நீலப்புகை. பையன் எஞ்சினை நிறுத்தியபோது உள்ளே சிவப்பாக ஏதோ ஆடியது.

அக்காளைக் கைப்பிடித்து இறக்கினோம். பையன் மூடியைத் திறக்கப் பாய்ந்தான். பின்னால் நின்ற டி.டி.சி. பேருந்தின் ஓட்டுநர் இந்தியில் கத்திக்கொண்டே தீயணைப்புக் குப்பியுடன் ஓடிவந்தார். "முழுக்கத் திறக்காதே! காற்றுப் பட்டால் எல்லாம் போய்விடும்!" என்று அவனைத் தள்ளி, மூடியைக் கையளவே தூக்கி உள்ளே பீச்சினார். இருபது விநாடி. தீ அடங்கிற்று. வெண்பொடி படிந்து நாம் மூவரும் திருநீறு பூசியவர்போல் நின்றோம். அக்காளின் கையில் தாம்பூலப் பை அப்படியே இருந்தது. அந்த ஓட்டுநர் நன்றிகூடக் கேட்காமல் பேருந்தில் ஏறிவிட்டார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாத குறை இன்றும் உறுத்துகிறது.

வீடு சேரும்வரை அக்காள் ஒரு சொல்லும் பேசவில்லை. இரவு, பையன் உறங்கிய பிறகு, நம்மைப் பார்த்துச் சொன்னார்: "அவன் அப்பா இருந்திருந்தால் கண்டித்திருப்பார். நீ கடன் வாங்கிக் கொடுத்தாய், தம்பி."

அவ்வளவுதான். அதற்கு நம்மிடம் விடையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை உரிமையாளர் மாற்றலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாள்தோறும் விதிகளை மேற்கோள் காட்டிக் குறிப்பெழுதும் நாம் வீட்டு வாசலில் நின்ற காரைப் பற்றி ஒரு வரி குறிப்பெழுதவில்லை.

கரோல்பாகில் ஒரு முதிய சீக்கிய மெக்கானிக்கிடம் காரை இழுத்துச் சென்றோம். அவர் கைவிளக்கை உள்ளே விட்டு ஒரு நிமிடம் பார்த்தார், விரலால் சுட்டினார். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் இரப்பர்க் குழாய், புகைக்குழாய்க்கு இரண்டு விரல் தொலைவில், காப்புறை ஏதுமின்றிச் சென்றிருந்தது. வெப்பத்தில் இரப்பர் இறுகி வெடித்து, எண்ணெய் சிவந்த இரும்பில் சொட்டியிருக்கிறது. அவர் அச்சைக் கழற்றிக் காட்டியபோது அதன்மேல் கரிப்படலம் இருந்தது. விரைந்து ஓட்டிய உடனே சாவியைத் திருப்பி நிறுத்தினால் எண்ணெயோட்டம் நின்றுவிடும். சூடாறாத அச்சைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். அக்கரி அச்சைத் தின்னும். "பாபுஜி, எல்லாரும் நெருப்பை வாங்க வருகிறார்கள். அதை எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை" என்றார்.

பையன் டர்போவுக்குப் போர்வையும் குழாய்க்கு நாடாவும் சுற்றிவிட்டால் போதுமா என்று கேட்டான். பெரியவர் சிரித்தார். போர்வை சுற்றினால் வெளியே உள்ள பொருள்கள் பிழைக்கும், ஆனால் உள்ளே வெப்பம் மிகும். உள்ளே தாங்க எண்ணெயும் நீரும் செம்மையாக ஓட வேண்டும். நாடா மழையில் நனைந்து ஈரம் காத்தால் குழாய் துருப்பிடிக்கும். எதையும் தனித்துச் செய்யலாகாது என்பது அவர் கட்சி. காற்று மிகுந்தால் இரும்பே எரிந்துபோகும் என்று நம் கையைத் தட்டிவிட்ட ஊர்க் கொல்லர் நினைவுக்கு வந்தார். கூலி கேட்ட பாங்கில்கூட இருவருக்கும் ஒற்றுமை இருந்தது.

முடிவில், பெரிய சக்கரம் கழன்றது. பழைய டர்போ செப்பனிடப்பட்டு மீண்டும் அமர்ந்தது. கணினிக்குப் பழைய கட்டளைகளே திரும்பின. எண்ணெய்க்குழாய் எஃகுப் பின்னலுடன் காப்புறை அணிந்து, புகைக்குழாயை விட்டு விலகிச் சென்றது. இடையே ஒரு தகட்டுத் தடுப்பு. புதிய இன்டர்கூலர் மட்டும் எஞ்சிவிட்டது. அது சட்டத்தின்முன் எந்நிலையில் நிற்கும் என்னும் கோப்பை நாம் இன்னும் முடித்துவைக்கவில்லை. பையன் ஒரு வாரம் துக்கம் காத்தான். பிறகு அவனே சொன்னான்: "மே மாதத்திலும் இப்போது ஒரே மாதிரி ஓடுகிறது, மாமா."

அவ்வாண்டு செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத்தர் பந்தயத் திடலில் மோட்டோ ஜிபி நடந்தது. வெயிலின் கொடுமையால் 24 சுற்றுகள் 21-ஆகக் குறைக்கப்பட்டன. அப்படியும் இரண்டாவதாக வந்த வீரர் நீரிழப்பால் தளர்ந்து போனார். செய்தித்தாளை நீட்டி அக்காளிடம் படித்துக் காட்டினான் பையன். அவர் செய்தியைக் கேட்டுக்கொண்டே முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காரில் அவர் மீண்டும் ஏற ஏழு மாதம் ஆயிற்று. பொங்கலன்று மலை மந்திர் வரை; வழி நெடுகத் தாம்பூலப் பையைப் பிடித்ததுபோலவே கைப்பையைப் பிடித்திருந்தார்.

கடனில் இன்னும் சில தவணைகள் உள்ளன. பையன் மாதம் தவறாமல் தருகிறான். இரவில் வேலையிலிருந்து வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், டர்போ ஆறட்டும் என்று இரண்டு நிமிடம் வாசலில் ஓடவிட்டுக் காத்திருக்கிறான். அக்காள் மேல்மாடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஓசை அடங்கிய பிறகுதான் உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுகிறார்.