பால் வேணாம்... கால்சியம் வேணும்!

ஒரே ஒரு நாள் பால் இல்லாம இருந்து பாருங்க. காபி, டீ கட். தயிர்சாதம் கட். சரி, பிஸ்கட்டாவது சாப்பிடலாம்னு பாக்கெட்டைத் திருப்பினா, அதுலயும் பால் பவுடர்! என் அக்கா பையன் பிறந்ததுலேர்ந்து அஞ்சு வருஷமா இப்படித்தான் இருக்கான். பாலில் இருக்கிற புரதம் அவனுக்கு அலர்ஜி. துளி பட்டா போதும்... உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு!

'ஒரு ஸ்பூன் தயிர்தானே, என்ன ஆகிடும்?'னு கேட்கிற பெரியப்பாக்களே... மூச்சுத் திணறல் வரைக்கும் ஆகும்! 'ஆட்டுப்பால் கொடுத்துப் பாரேன்'னு சொல்ற பாட்டிகளே... ரெண்டு பாலிலும் புரதம் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. இந்தக் குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அதுவும் ஒத்துக்காது.

சரி, பாலை நிறுத்தியாச்சு. பிரச்னை முடிஞ்சுதா? அடுத்தது அங்கேதான் ஆரம்பம். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, 4 முதல் 6 வயசுக் குழந்தைக்கு தினமும் 550 மில்லிகிராம் கால்சியம் வேணும். ரெண்டு டம்ளர் பால் குடிக்கிற குழந்தைக்கு அதுல முக்கால்வாசிக்கு மேல வந்துடும். பால் ஆகாத குழந்தைக்கு? கேழ்வரகு இருக்கு. 100 கிராம் மாவுல 350 மில்லிகிராமுக்குப் பக்கம். ஆனா, அஞ்சு வயசு வாண்டு ஒரு நாளைக்கு எவ்வளவு கூழ் குடிக்கும்? குடிச்சதுலயும் முழுசா உடம்புல சேராது. எள்ளுல கால்சியம் கொட்டிக் கிடக்கு. ஆனா, சில குழந்தைகளுக்கு எள்ளும் அலர்ஜி!

அதனாலதான் டானிக், மாத்திரை. இங்கே அக்கா செஞ்சதைக் கேளுங்க. 'பையன் வளர மாட்டானோ'ங்கிற பயத்துல, ஆளாளுக்குச் சொன்ன மூணு பாட்டிலை வாங்கி அலமாரியில அடுக்கிட்டா. டாக்டர் எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னார். பார்த்தா, மூணுலயும் வைட்டமின் டி! அது அதிகமானா சிறுநீர்ல போயிடாது, உடம்புல தங்கிடும். ரத்தத்துல கால்சியம் எகிறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ரெண்டு பாட்டில் அன்னிக்கே அவுட். அக்கா கண்ல தண்ணி. பயத்துல வாங்கினவளை எப்படித் திட்டறது, சொல்லுங்க?

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? மிச்சமிருந்த பாட்டிலோட லேபிளைப் படிக்க உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, இதுக்கே தனியா ஒரு செமஸ்டர் வைக்கலாம்னு! கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்னு போட்டிருந்தா, அதுல நிஜமான கால்சியம் 500 மட்டும்தான். இரும்புச்சத்து மருந்தையும் இதையும் ஒண்ணா கொடுத்தா, இரும்பு சரியா சேராது. சில வைட்டமின் கேப்ஸ்யூலுக்குள்ள இருக்கிறது கடலை எண்ணெய் அல்லது சோயா எண்ணெய். வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்கு யோசிச்சுப் பாருங்க! சத்துபானப் பவுடர் பலதுலயும் பால் கலந்திருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வாண்டு இருந்தா, எது, எவ்வளவுன்னு குழந்தைகள் டாக்டர்தான் முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லை. நிறைய குழந்தைகளுக்கு வளர வளர பால் அலர்ஜி சரியாகிடுது. ஆனா, அதையும் டாக்டர் முன்னாடிதான் சோதிக்கணும், வீட்டு டைனிங் டேபிள்ல இல்லை.

அடுத்த கல்யாணப் பந்தியில ஒரு குட்டிப் பையன் இலையில பாயசம் ஊத்தறதுக்கு முன்னாடி, 'ஊத்தலாமாக்கா?'னு அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அந்த ஒரு கேள்வியில அவங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?