புகை போகும் வழி

ஆங்கில நாவல்களில் வரும் கணப்பு நம்மில் பலருக்கு ஒரு மனநிலை, பொருள் அல்ல. வெளியே பனி, உள்ளே நெருப்பு, ஒரு நாற்காலி, நீண்ட பேச்சு. பி.ஏ. வகுப்பில் எங்களுக்குக் கிடைத்ததும் அந்த மனநிலைதான். ஜேன் ஆஸ்டின் இதை அப்போதே கேலி செய்துவிட்டார். அவர் இறந்தபின், 1817 இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’யில் காதரீன் திகில் கதைகள் படித்த தலையோடு பழைய மாளிகைக்குள் நுழைகிறாள். சிற்ப வேலைப்பாடு கொண்ட விசாலமான கணப்பை எதிர்பார்க்கிறாள். அங்கே இருப்பது ரம்ஃபோர்டு முறையில் சுருக்கிக் கட்டிய ஒன்று. இலக்கியப் பிரமை ஒரு கட்டட வேலையின் முன் வந்து நிற்க நேர்கிற இடம் அது.

ரம்ஃபோர்டு என்பவர் அமெரிக்காவில் பிறந்த பெஞ்சமின் தாம்சன் என்ற விஞ்ஞானி. பழைய கணப்புகள் வெப்பத்தை மேலே அனுப்பிவிட்டுப் புகையை அறைக்குள் தள்ளின. 1796இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன மாற்றங்கள் எளியவை. ஆழத்தைக் குறைப்பது, பக்கச் சுவர்களைச் சாய்வாக விரிப்பது, புகைபோக்கி தொடங்கும் இடத்தை 4 அங்குலமாகக் குறுக்குவது. வெப்பம் அறைக்குத் திரும்பியது. புகை மேலே போயிற்று.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தது கொடைக்கானல் கிளையில் வேலை பார்த்தபோது. அமெரிக்க மிஷனரிகள் 1845இல் வீடு கட்டத் தொடங்கிய ஊர். அங்கே கணப்பு அந்நியப் பொருள் அல்ல. நான் குடியிருந்த வீட்டருகே ஒரு விருந்தினர் விடுதி எழும்பியது. அதற்கான கணப்பு வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாக வந்து இறங்கியது. வெப்பம் தாங்கும் கான்கிரீட்டில் வார்த்து எண் போட்ட பாகங்கள்: அடித்தளம், பக்கங்கள், முதுகு, புகைக்கூடு, மேலே அடுக்கவேண்டிய குழாய்கள். கூடவே ஓர் ஆங்கிலக் கையேடு. கொத்தனார் அதை என்னிடம் கொண்டுவந்தார். ‘சார், இதப் படிச்சு மட்டும் சொல்லுங்க. கல்ல நான் பாத்துக்கறேன்.’

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் படித்துச் சொன்னேன். ‘புகைக்குழல் குறுகும் பகுதி’ என்று ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர், ‘தொண்டைன்னு சொல்லுங்க’ என்றார். ஆங்கிலத்திலும் அதற்குத் தொண்டை என்றுதான் பெயர்.

முதலில் கலவையில்லாமல் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்கச் சொல்கிறது கையேடு. பொருத்தம் சரியென்றால் பிரித்து, தூசி துடைத்து, மெல்லிய சாந்தில் மீண்டும் வைக்கவேண்டும். நெருப்பு நேராகப் படும் உட்புறத்துக்குச் சாதாரண சிமெண்ட் ஆகாது. சூட்டில் வெடித்து உதிரும். அதற்கென்று வெப்பம் தாங்கும் சாந்து தனியே உண்டு. தீக்கற்களுக்கிடையே அது கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கொத்தனார் ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: ‘கலவை ஒட்டறதுக்குன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. அது கல்லு மட்டமா உக்கார்றதுக்கு சார்.’

ஓரிடத்தில் மட்டும் அவர் முரண்டு பிடித்தார். புகைக்குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதில் கலவை விழக்கூடாது. ‘காலியா விட்டா என் வேலையத்தான் சார் கொற சொல்வாங்க.’ சூட்டில் குழாய் விரியும், சுவரோடு ஒட்டியிருந்தால் சுவர் பிளக்கும் என்றேன். யோசித்தார். ‘தண்டவாளத்துல விடற மாதிரியா?’ அதற்குப்பின் அந்த இடைவெளியைக் காவல் காத்தவர் அவர்தான்.

விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதை உவமையாக்கும் சபலம் வராமல் போகாது. படிமம், தொனி, முரண் என்று எண் போட்ட பாகங்கள் நமக்கும் வந்து இறங்கியிருக்கின்றன. இறக்குமதி குற்றமல்ல, கொடைக்கானலில் அது எரியத்தான் செய்கிறது. என் சந்தேகம் வேறு. புதுக்கவிதையில் ‘இறுக்கம்’ என்று நாம் ஓயாமல் புகழ்வது எதை? அனுபவம் சூடேறும்போது சொற்கள் விரிய இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்தோமா? விரிசலே இல்லை என்று நாம் மெச்சும் கவிதைகள் பல, தீயே மூட்டப்படாதவை. கையேட்டின் கடைசிப் பக்கம் இன்னொன்றும் சொல்கிறது: சாந்து உலர வாரக்கணக்கில் பொறுக்கவேண்டும், பிறகும் முதல் தீ சிறியதாக இருக்கவேண்டும்.

ஆனால் உவமை அடுக்களை வாசலில் நின்றுவிடுகிறது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கி வைத்த அடுப்பை ஏழை வீடுகளிலும் கட்டும் முறையை 1953இல் நூலாகவே வெளியிட்டார். அதற்கு நாற்பது வருஷங்களுக்குப் பிறகும் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு மண்ணடுப்பும் கையகலச் சாளரமும். ஊதுகுழலை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அம்மாவை நான் அழுகிறவளாக நினைத்ததில்லை. அது அடுப்படியில் தினமும் நடப்பது.

விடுதியில் முதல் தீ மூட்டிய அன்று அவளிடம் போனில் சொன்னேன்.

‘அதுல சமைப்பாங்களாடா?’

‘இல்லம்மா. குளிர்காயத்தான்.’

‘பொகை?’

‘மேல போயிடும்.’

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: ‘அப்ப செவுரு கறுக்காது.’