தரை தட்டிய படகுகள்

ஜவ்வாது மலை என்ற பெயரைக் கேட்டவுடனேயே மூக்கு சற்று விழித்துக் கொள்கிறது. மேலே ஏறிச் சென்றாலோ, சாமை வயல்களும் புளிய மரங்களுந்தான் நம்மை வரவேற்கின்றன. பழைய வடஆற்காடு ஜில்லாவுக்குச் சொந்தமாக இருந்த இம்மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்ற மூன்று ஜில்லாக்களுக்குப் பங்காகியிருக்கிறது. போளூர் மார்க்கமாகவோ, ஆலங்காயம் காவலூர் மார்க்கமாகவோ வளைந்து வளைந்து ஏறினால் ஜமுனாமரத்தூரை அடையலாம். அங்கேதான் கோலப்பன் ஏரி இருக்கிறது. பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வரும் குடும்பங்கள் இந்த ஏரியில் படகு ஏறாமல் திரும்புவதில்லை. குழந்தைகள் திரும்ப விடுவதில்லை என்று சொல்வதே பொருந்தும்.

மலை, ஏரி, படகு என்றதும் கொடைக்கானலையும் உதகையையும் நினைத்துக் கொள்ளும் நேயர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானலில் லெவிஞ்ச் துரை 1863-ம் வருஷம் ஏரியை அமைத்தார். 1890-ல் அங்கே படகுச் சங்கம் ஏற்பட்டது. வெயிலுக்குப் பயந்து மலை ஏறிய வெள்ளைக்காரர்களின் உல்லாசத்துக்குப் படகு இன்றியமையாததாக இருந்தது. நம் நாட்டு ஏரியின் கதை வேறு. வயலுக்கும் கால்நடைக்கும் முன்னோர் தேக்கிய ஜலத்தில், படகு நேற்று வந்த விருந்தாளி. வீட்டுக்காரர்கள் சாப்பிட்டு மிச்சமிருந்தால்தான் விருந்தாளிக்கு இலை போட முடியும். கோடையில் அந்த மிச்சமும் நாளுக்கு நாள் குறைகிறது.

ஆனால் ஜனங்கள் மலையைத் தேடி வருவதும் அதே கோடையில்தான்! பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, சமவெளியிலே அனல், மலை மேலே கூட்டம். படகுக்காரனுக்கு வருமானம் வரவேண்டிய மாதத்தில் படகு மிதக்க இடமில்லை. அவனுடைய சாமர்த்தியத்துக்குச் சோதனை இங்கேதான்.

ஜலம் வற்றும்போது முதலில் ஏமாற்றுவது படித்துறை. நேற்று படகை உரசிக் கொண்டிருந்த படி, சில வாரங்களில் சேற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். துறையைப் பீப்பாய்கள் மேல் மிதக்கும்படி கட்டியிருந்தால் அதுவும் ஜலத்தோடு இறங்கிப் பின்னே போகும். கல்லால் கட்டியிருந்தால் பலகை போட்டு நீட்டிக் கொள்ள வேண்டியதுதான். கயிற்றின் விஷயத்திலும் கவனம் வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஜலம் இறங்க இறங்கப் படகு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். தளர்த்தி விட்டாலோ காற்றில் ஒதுங்கிக் கல்லில் உரசும். ஆகையால் தினம் காலையில் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுவது ஒரு நித்திய கர்மம்.

மிதி படகின் அடியில் ஒரு சக்கரம் சுழல்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் பாசியும் கொடியும் அதில் சுற்றிக் கொள்ளும். மிதிப்பவர் மேலும் பலமாக மிதிப்பார். கொடி மேலும் இறுகும். அப்போது துடுப்புப் படகில் ஒருவர் போய் இழுத்து வரவேண்டும். நாலு பேர் ஏறும் படகில் இரண்டு பேரை மாத்திரம் ஏற்றினால் அது சற்று மேலெழும்பி மிதக்கும்; வருமானமும் பாதியாகும். தரை தட்டிய படகிலிருந்து, முழங்கால் ஆழந்தானே என்று குதிக்கும் வாலிபர்கள் இருக்கிறார்களே, அவர்களைத் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வற்றும் ஏரியில் அபாயம் ஜலத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது.

ஓர் அளவுகோலை நட்டு, இந்தக் கோட்டுக்குக் கீழே ஜலம் இறங்கினால் சவாரி இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது. கூட்டத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் முடிவு கூட்டத்தின் பக்கமே சாயும். கரை ஏற்றிய பைபர் படகுகளைக் கட்டைகள் மேல் கவிழ்த்து வைக்கலாம். மரப்படகானால் நிழல் வேண்டும்; இல்லாவிட்டால் பலகை சுருங்கி இணைப்பு விட்டுப் போகும்.

இந்தச் சங்கடம் நம் மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஹூவர் அணையின் பின்னே தேங்கிய மீட் ஏரியில் ஜலம் இறங்கியதால், 2002-ம் வருஷம் ஒரு படகுத் துறையையே பெயர்த்து வேறிடத்துக்கு இழுத்துச் சென்றார்கள். அவர்களிடம் பணமும் இடமும் இருக்கிறது. சின்னஞ்சிறு கோலப்பன் ஏரியில் எங்கே இழுத்துச் செல்வது?

இவ்வளவுக்கும் ஜவ்வாது மலை ஜலத்துக்குத் தரித்திரப்பட்ட மலையன்று. செய்யாறு பிறப்பது இங்கேதான். கீழே எத்தனையோ ஊர்களுக்கு ஆற்றை அனுப்பிவிட்டு, தன் மடியிலுள்ள ஏரிக்கு வானத்தை எதிர்பார்த்து நிற்கிறது மலை.

வானத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. பக்கத்துக் காவலூரில், வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையத்தில், 1986-ல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. தை முதல் சித்திரை வரையில் வானம் நிர்மலமாயிருந்தால் விஞ்ஞானிகளுக்குக் கொண்டாட்டம். அதே நிர்மலமான வானந்தான் ஏரியைக் குடிக்கிறது. மேகம் திரண்டால் அங்கே முகம் சுளிக்கிறார்கள். இங்கே படகுக்காரனும் சாமை விதைக்கக் காத்திருக்கும் மலையாளிக் குடியானவனும் முகம் மலர்கிறார்கள்.

அந்த மேகம் வருவதற்குள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தரை தெரிகிற நாளிலேதான் படகின் அடியைக் கிழிக்கும் மரக்கட்டைகளைத் தோண்டி எடுக்க முடியும். வண்டலை வாரி வயலுக்கு அனுப்ப முடியும். ஜலம் வருகிற ஓடைகளைச் செப்பனிட முடியும். வண்டல் போன ஆழம் அடுத்த கோடையில் வயலுக்கும் உதவும், படகுக்கும் உதவும். ஆனி மாதத்து மழை இறங்கிவிட்டால் பிறகு மண்வெட்டிக்கு அங்கே இடமில்லை.